பழைய மில்லும் வெளிச்ச நூலும்: கோவை, சோமனூர் டைரி

ஆகஸ்ட் 1, வெள்ளி. கோயமுத்தூர்

ஆடி மாசத்துல யாராச்சும் ஊர் சுத்துவாங்களான்னு வீட்ல எல்லாரும் சிரிச்சாங்க. நான் போனது ஒரு கண்காட்சிக்கு. பூட்டிக் கிடந்த ஒரு பழைய நூல் மில்லுக்குள்ள புரொஜக்டர், சென்சார், ஸ்பீக்கர் எல்லாம் மாட்டி, நாம நடந்தா செவுரு அசையும், கையை நீட்டினா வெளிச்சம் வளையும்ங்கிற மாதிரி ஒண்ணு பண்ணி வச்சிருக்காங்கன்னு காலேஜ் ஃப்ரெண்டு ரெண்டு வாரமா ரீல் அனுப்பிக்கிட்டே இருந்தா. அவ வீடு சோமனூர், கோவைக்குப் பக்கத்துல இருக்கற தறி ஊர். ஆடி நோம்பிக்கும், அதான் ஆடிப்பெருக்குக்கும், சேர்த்து வந்துருன்னு சொல்லிட்டா, நோம்பி சாப்பாடுன்னு கேட்டதும் நானும் கிளம்பிட்டேன்.

தஞ்சாவூர்ல ரயில் ஏறும்போது வேர்வை ஊத்துச்சு, திருப்பூர் தாண்டினதும் ஜன்னல்ல வர்ற காத்தே வேற மாதிரி ஆயிருச்சு. பாலக்காட்டுக் கணவாய் வழியா நேரா உள்ள வர்ற காத்து, இந்த மாசத்துல அதுக்கு ஒரு மரியாதையும் கிடையாது. ஸ்டேஷனுக்கு வெளிய குடையை விரிச்ச உடனே அது பூ மாதிரி மேல திரும்பிக்கிச்சு, கம்பி ரெண்டு போச்சு. மழைன்னு சொல்ல முடியாது, தூறல்தான், ஆனா படுக்கை வாட்டத்துல அடிச்சா குடை எதுக்கு.

ஆட்டோக்காரர் 180 ரூபா கேட்டார். நான் முறைச்சேன். “ஏனுங் அம்மிணி, அவிநாசி ரோட்ல பாலம் வேலை நடக்குதுங், சுத்தித்தான் போகோணும், நீங்களே பாத்துட்டு குடுங்”ன்னார். இந்த ஊர்ல அதிகமா கேக்கறவங்ககூட இவ்ளோ மரியாதையா கேக்கறாங்க, சண்டை போடவே வாய் வர மாட்டேங்குது. நிஜமாவே சுத்தித்தான் போனார், 160க்கு முடிஞ்சுது.

சாயங்காலம் ஃப்ரெண்டு ஆபீஸ் முடிச்சு வர்ற வரைக்கும் காந்திபுரத்துல ஒரு பேக்கரி. இந்த ஊர்க்காரங்களுக்கு டீக்கடைன்னா பேக்கரிதான், தெருவுக்கு நாலு இருக்கு. டீ 15, தேங்காய் பன் 25. நான் ஒரு பன்னை பிச்சுப் பிச்சுத் தின்னுக்கிட்டு இருந்தேன், பக்கத்துல நின்ன பெரியவர் “சூடா டீல நனைச்சுச் சாப்புடுங்க, நல்லாருக்கும்”னு சொல்லிட்டு என் பதிலுக்குக் காத்திருக்காம போயிட்டார். நனைச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு.

அப்புறம் ரோட்டுக்கடை காளான். தஞ்சாவூர்க்காரிக்கு இதைப் புரிய வைக்கிறதே கஷ்டம். பேருதான் காளான், உள்ள முக்கால்வாசி முட்டைக்கோஸ். கோஸை மாவுல பிசைஞ்சு எண்ணெயில பொரிச்சு ஒரு மலை மாதிரி குவிச்சு வச்சிருப்பாங்க, அதை அகலக் கல்லுல போட்டுக் கரண்டியால கொத்தி, செவப்பா கெட்டியா ஒரு மசாலாவை ஊத்தி, கொதிச்சுக் கூழாகுற நேரத்துல தட்டுல தள்ளி, மேல வெங்காயம், கொத்தமல்லி, நொறுக்கின சிப்ஸ். தட்டு 50 ரூபா. காத்துல சிப்ஸ் பறந்து பக்கத்துல நின்ன பொண்ணு துப்பட்டால போய் ஒட்டிக்கிச்சு, அவ எடுத்து வாயில போட்டுக்கிட்டு “உங்களுதாங்க?”ன்னு கேட்டா. நிஜக் காளான் ஒரு துண்டு கிடைச்சிருந்தா நல்லாருக்கும், ஆனா ரெண்டாவது தட்டு வாங்கினதால நான் ரொம்ப பேசக் கூடாது.

ஆகஸ்ட் 2, சனி. மில்லு

காலையில ஃப்ரெண்டோட அப்பிச்சியும் கூட வர்றேன்னு கிளம்பி நின்னார். அவ அம்மாவோட அப்பா, எழுபத்தெட்டு வயசு, வெள்ளை வேட்டி, வெள்ளை சட்டை, தோள்ல பச்சைக்கரை துண்டு. இந்த மில்லுல இல்லை, ஆனா இதே மாதிரி ஒரு மில்லுல முப்பது வருஷத்துக்கு மேல ஸ்பின்னிங்ல வேலை பார்த்தவர். “மில்லுக்குள்ள போறதுக்குக் காசு குடுக்கறதா? நமக்குல்ல காசு குடுத்தாங்க”ன்னு சொல்லிக்கிட்டேதான் வந்தார். டிக்கெட் 350, சீனியருக்கு 250. அவருக்கு அந்த நூறு ரூபா மிச்சம் ஒரு சின்ன சமாதானம்.

வாசல்ல ஒரு சங்கு இருந்துச்சு, ஷிஃப்டுக்கு ஊதுவாங்களே அந்த சங்கு, துரு தட்டி, இப்ப அதுல நீல லைட் கட்டி விட்டிருக்காங்க. செவுத்துல பெரிய எழுத்துல இங்கிலீஷ்ல ஒரு பத்தி: உறங்கும் இயந்திரங்களின் கனவு, அது இதுன்னு. தமிழ்ல ஒரு வரி இல்லை. அப்பிச்சி கண்ணாடியை மாட்டிக்கிட்டு கிட்டப் போய் நின்னு, அப்புறம் பேத்திகிட்ட “என்ன எழுதியிருக்குது?”ன்னு கேட்டார். அவ மொழிபெயர்த்துச் சொன்னா. “மெசின் தூங்கறதில்லைங், கரெண்ட் நிறுத்திப் போடறதுதான்”னார். எனக்கு அந்த இங்கிலீஷ் பலகையில உள்ளூர கோவம். கோயமுத்தூர்ல 1888ல ராபர்ட் ஸ்டேன்ஸ்ங்கிற வெள்ளைக்காரர் ஆரம்பிச்ச மில்லுலேர்ந்து கணக்கு வச்சா நூறு வருஷத்துக்கு மேல இந்த ஊரே நூத்துச்சு, 1930கள்ல நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்துக் கரெண்ட் வந்தப்புறம் மில்லு மேல மில்லா முளைச்சுச்சு, அந்த வேலையைப் பார்த்தவங்க படிக்கிற மாதிரி நாலு வரி போட முடியாதா?

உள்ள முதல்ல ஒரு கண்ணாடி ரூம். நாலு பக்கமும் கண்ணாடி, மேல தொங்குற குட்டி பல்பு, நீங்க எண்ணவே முடியாத அளவுக்கு நீங்களே. இந்த யோசனை புதுசு இல்லை, யாயோய் குசாமாங்கிற ஜப்பான் கலைஞர் 1965லயே நியூயார்க்ல முடிவில்லாத கண்ணாடி அறை பண்ணிட்டாங்க. இங்க ஒரு ஆளுக்கு நாப்பது செகண்ட், வெளிய ஒரு பையன் ஸ்டாப்வாட்ச் வச்சுக்கிட்டு “நெக்ஸ்ட், நெக்ஸ்ட்”னு கத்துறான். முன்னாடி போன குடும்பம் நாப்பது செகண்டும் ஃபோட்டோ எடுத்துட்டு, ஒரு செகண்ட்கூட நேர்ல பார்க்காம வெளிய வந்து, ஃபோட்டோவுல பார்த்து “சூப்பரா இருக்கு”ன்னாங்க. எங்க முறையில அப்பிச்சி துண்டை சரி பண்ணிக்கிட்டார். அவ்ளோதான் அந்த ரூம்.

அடுத்தது பழைய ஸ்பின்னிங் ஹால். இதுக்காகத்தான் வந்ததே. நீளமா, கூரை பல்லு பல்லா இருக்கற மில்லு ஷெட், ஜன்னலை எல்லாம் கறுப்புத் துணியால மூடிட்டு, செவுரு முழுக்க, தரை முழுக்க வெளிச்ச நூல் இறங்குது. ஆயிரக்கணக்குல வெள்ளைக் கோடு, மெதுவா, மழை மாதிரி சத்தமில்லாம. நாம கிட்டப் போனா கோடு நம்மளைச் சுத்தி வளையும். வேகமா கையை வீசினா அறுந்து சிதறும். அசையாம நின்னா மறுபடி சேர்ந்துக்கும். அழகுதான், நான் சும்மா குறை சொல்ல மாட்டேன், மொத நிமிஷம் எனக்குத் தொண்டை அடைச்சுச்சு.

ஆனா எனக்கு ஒண்ணுமே வளையல. நான் நிக்கிறேன், கையை நீட்டுறேன், குதிக்கிறேன், நூல் என் மேலயே இறங்கிக்கிட்டு நேரா போகுது, நான்னு ஒரு ஆளே அங்க இல்லாத மாதிரி. பக்கத்துல அப்பிச்சி சும்மா கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னார், அவரைச் சுத்தி அவ்ளோ பெரிய வட்டமா நூல் விலகுது, நடந்தா கூடவே வழி விடுது, கோயில்ல பெரிய மனுஷனுக்கு விடுற மாதிரி. ஃப்ரெண்டு விழுந்து விழுந்து சிரிச்சா. அங்க வாலண்டியரா இருந்த காலேஜ் பையன் ஓடி வந்து என்னைப் பார்த்தான். “அக்கா, நீங்க கறுப்பு சுடிதார்ங்க்கா.”

விஷயம் இதுதான். மேல கூரையில இருக்கறது சாதாரண கேமரா இல்லை, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்தை அனுப்பி, அது எங்க பட்டுத் திரும்புதுன்னு பார்த்து ஆள் எவ்ளோ தூரத்துல நிக்கிறாங்கன்னு கணக்குப் போடுற கேமரா. மைக்ரோசாஃப்ட் 2010ல வீடியோ கேமுக்காக கினெக்ட்னு ஒண்ணு விட்டாங்களே, அந்த ஜாதி. அது மலிவா கிடைச்சதாலதான் உலகம் பூரா கலைஞர்கள் இந்த மாதிரி வேலையில இறங்கினாங்க. சில கறுப்புத் துணி அந்த வெளிச்சத்தை அப்படியே குடிச்சிடும், திருப்பி அனுப்பாது, அப்ப கேமராவுக்கு அங்க ஆள் இல்லை. 2012ல லண்டன்ல வச்ச ரெயின் ரூம், கொட்டுற மழைக்கு நடுவுல நாம நடந்தா நாம நிக்கிற இடத்துல மட்டும் மழை நிக்குமே, இப்ப ஷார்ஜாவுலகூட நிரந்தரமா இருக்கு, அங்க கறுப்பு, பளபளப்புத் துணி போட்டுட்டு வராதீங்கன்னு முன்னாடியே சொல்லிடுவாங்க, இல்லைன்னா நனைஞ்சுதான் வரணும். இங்க டிக்கெட்ல கேமரா ட்ரைபாட் கூடாது, தின்பண்டம் கூடாது, செல்லப்பிராணி கூடாதுன்னு பதினோரு விதி போட்டிருக்காங்க, துணியைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில அப்பிச்சி துண்டைக் குடுத்தார். தோள்ல போட்டேன். உடனே நூல் வளைஞ்சுச்சு, ஆனா தோள்கிட்ட மட்டும். தலையில்லாத ஒரு துண்டு ஹால் முழுக்க நடந்து போச்சுன்னு கேமராகிட்ட கேட்டா சொல்லும்.

நடுவுல ஒரு தடவை எல்லா நூலும் ஒட்டுமொத்தமா அறுந்து விழும், அது ஒரு காட்சி. அப்ப எல்லாரும் அசையாம நிக்கணும், நின்னா மறுபடி ஒட்டும். நம்ம ஆளுங்க எங்க நிக்கிறாங்க, இன்னும் வேகமா கையை வீசி இன்னும் அறுத்துக்கிட்டு இருந்தாங்க, ஒரு அம்மா குழந்தையைத் தூக்கி ஆட்டி அறுத்தாங்க. அந்தக் கூச்சல்ல அப்பிச்சி மட்டும் செவுத்துகிட்டப் போய், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து, கீழ இருந்து எதையோ கிள்ளி எடுத்து, ஒரு சின்ன கொக்கியில மாட்டுற மாதிரி, அப்புறம் மேல கொண்டு போய் ஒரு முறுக்கு. திரும்பத் திரும்ப. எனக்கு முதல்ல புரியல. ரிங் ஃப்ரேம்ல, அதான் நூல் நூக்கிற மெஷின்ல, நூல் அறுந்தா ஒட்டுறது அப்படித்தானாம். நூல் சுத்தியிருக்கற பாபின்லேர்ந்து முனையை எடுத்து, வளையத்து மேல ஓடுற நகத்தளவு இரும்புக் கொக்கி, டிராவலர்னு பேரு, அதுல மாட்டி, மேல ரோலர்கிட்ட வர்ற பஞ்சோட சேர்த்துடணும், பாபினைச் சுத்துற அந்த ஒரு ஸ்பிண்டிலை மட்டும் பிடிச்சு நிறுத்திக்குவாங்க, மத்ததெல்லாம் சுத்திக்கிட்டே இருக்கும், ஃப்ரேமை நிறுத்த மாட்டாங்க. ஃப்ரேம் நீளத்துக்கு நடந்துக்கிட்டே கண்ணால பார்த்து, அறுந்தது எதுன்னு கண்டுபிடிச்சு, சில செகண்ட்ல ஒட்டிட்டு அடுத்தது.

கேமராவுக்கு அவர் விரல் தெரியல. அவ்ளோ உயரத்துலேர்ந்து அதுக்கு ஆள் ஒரு வெள்ளைத் திட்டுதான். அவர் அவ்ளோ நுணுக்கமா ஒட்டினார், ஒரு நூல்கூட ஒட்டல. அப்புறம் யாரோ சொன்னாங்கன்னு சும்மா நின்னார், எல்லாம் தானா ஒட்டிக்கிச்சு. “சும்மா நின்னா ஒட்டுமா? எங்க மேஸ்திரி இருந்தா நின்னவனை வெளிய தாட்டி விட்டிருப்பார்”னு சொல்லிட்டு துண்டால மூக்கைப் பொத்திக்கிட்டார். மூலையில ஒரு மெஷின் புகையைக் கக்கிக்கிட்டு இருந்துச்சு, வெளிச்சம் நல்லா தெரியறதுக்காக. அவர் அதைப் பஞ்சு தூசின்னு நினைச்சுத்தான் பொத்தினார், பழக்கம். பஞ்சுத் தூசியில வேலை பார்க்கறவங்களுக்கு லீவு முடிஞ்சு திரும்ப வேலைக்கு வர்ற மொத நாள் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும், அது நுரையீரல் நோய், நெறைய பேருக்கு வந்துச்சு. செவுத்துப் பத்தியில தூசி இல்லை, தொழிற்சங்கம் இல்லை. சின்னியம்பாளையத்து மில் தொழிலாளிங்க நாலு பேரை 1946 ஜனவரி 8ந்தேதி தூக்குல போட்டாங்க, அந்தக் கதையை அப்பிச்சி அங்கயே, வெளிச்ச நூலுக்கு நடுவுல நின்னு, எங்களுக்குச் சொன்னார். வாலண்டியர் பையனும் நின்னு கேட்டான். அவன் இந்த ஊர்தான், கேள்விப்பட்டதே இல்லைன்னான்.

எனக்குப் பிடிச்சது கடைசி ரூம். யாரும் அங்க நிக்கலை, ஏன்னா ஃபோட்டோவுல ஒண்ணும் விழாது. பழைய கோன் வைண்டிங் பகுதியாம். தரையிலேர்ந்து கூரை வரைக்கும் நிஜ நூல், முறுக்கி விறைப்பா கட்டியிருக்காங்க, ஒவ்வொண்ணோட அடியிலயும் சின்ன மைக். நூலைத் தொட்டா ஸ்பீக்கர்ல சத்தம் வரும், மெல்லிசுக்குக் கீச்சுன்னு, தடிமனுக்கு உறுமல். கேமரா இல்லை, புகை இல்லை, யாரும் “இப்படி நில்லுங்க மேம்”னு சொல்லலை. அப்பிச்சி ஒரு நூலைத் தொட்டுப் பார்த்து “இது நாப்பதாம் நம்பர்”னார், இன்னொண்ணைத் தொட்டு “இது இருபது”ன்னார். எண்ணு கூடக் கூட நூல் மெலிசுன்னு எனக்கு அப்பதான் தெரியும். வாலண்டியர் பையன் போய் லிஸ்ட் எடுத்துட்டு வந்து பார்த்தான். சரியா இருந்துச்சு. அப்புறம் அவன் ஒவ்வொண்ணாக் காட்டிக் காட்டிக் கேக்க, இவர் கண்ணை மூடிக்கிட்டு விரல்ல உருட்டிச் சொல்ல, ஒண்ணு மட்டும் தப்பு, அதுக்கு “இது நம்மூர் நூலே இல்லை”ன்னு முடிச்சிட்டார். நாங்க அங்கதான் ரொம்ப நேரம் இருந்தோம். கால் வலிச்சுது, உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது, இவ்ளோ செலவு பண்ணி வயசானவங்களுக்கு ஒரு பெஞ்சு போட மாட்டேங்கறாங்க. பையன் கிளம்பும்போது அப்பிச்சி ஃபோன் நம்பரை வாங்கி வச்சுக்கிட்டான்.

1970கள்லயே மைரன் க்ரூகர்னு ஒரு அமெரிக்கர் கேமராவும் புரொஜக்டரும் வச்சு, ஆளோட நிழல் உருவம் திரையில இருக்கற படத்தோட விளையாடுற மாதிரி வீடியோபிளேஸ்னு பண்ணினார். அப்பலேர்ந்து ஆள் திட்டாத்தான் தெரியறான், இப்ப திட்டு ரொம்ப அழகா இருக்கு, அவ்ளோதான் வித்தியாசம்னு ஃப்ரெண்டுகிட்ட பஸ்ல சொன்னேன். அவ தூங்கிட்டா. டவுன் பஸ்ல எங்களுக்கு டிக்கெட் இலவசம், அப்பிச்சிக்கு மட்டும் காசு, அதுலயும் அவருக்கு ஒரு வருத்தம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. சோமனூர், ஆடி 18

விடிகாலை அஞ்சரைக்கு முழிப்பு வந்துச்சு, தறிச் சத்தம். நோம்பி அன்னைக்குமான்னு கேட்டேன். பக்கத்து வீட்ல பாவு, தறியில நீளவாக்குல ஓடுற நூல், இன்னைக்குள்ள நெய்து முடிச்சுக் குடுக்கணுமாம், மத்தியானம் நிறுத்திடுவாங்களாம். ஃப்ரெண்டோட அம்மா கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க, “வா சாமி, நீ பார்க்கோணும்னுதான இருந்த.”

நேத்து கண்காட்சியில வெளியேறுற வழியில தறிச் சத்தத்தைத் தாளம் மாதிரி மெலிசா ஓட விட்டிருந்தாங்க, கேக்க சுகமா இருந்துச்சு. இங்க கதவைத் திறந்ததும் காதுல யாரோ அறைஞ்ச மாதிரி. எட்டுத் தறி, தகரக் கூரை. குறுக்கு நூலைக் கொண்டு போற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கிறது கண்ணுக்கே தெரியல. நான் ஏதோ கேட்டேன், அந்தக்கா என் வாயைப் பார்த்து, கையால “ரெண்டு”ன்னு காட்டினாங்க, குழந்தைங்க எத்தனைன்னு நான் கேட்டேன்னு நினைச்சிருக்காங்க போல. நான் கேட்டது எத்தனை மணிக்கு ஆரம்பிச்சீங்கன்னு. அதுக்கும் ரெண்டுதான் பதிலாம், வெளிய வந்தப்புறம் தெரிஞ்சுது.

இங்க நெறைய பேர் கூலிக்கு நெய்யறவங்க. பாவும், ஊடைங்கிற குறுக்கு நூலும் ஜவுளிக்காரர் குடுப்பார், இவங்க நெய்து குடுத்தா கூலி. அந்தக் கூலியை ஏத்தச் சொல்லித்தான் சோமனூர், பல்லடம் பக்கம் திரும்பத் திரும்ப ஸ்ட்ரைக் நடக்கும். விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு ஆயிரம் யூனிட் இலவசக் கரெண்ட் குடுக்கறாங்க, 2023க்கு முன்னாடி 750ஆ இருந்துச்சு. அது மட்டும் இல்லைன்னா எப்பவோ தறியை எடைக்குப் போட்டிருப்போம்னாங்க அந்தக்கா, துணியால முகத்தைத் துடைச்சுக்கிட்டே. எனக்கு ஒரு காப்பி குடுத்தாங்க, நாட்டுச்சர்க்கரை போட்டு. வேண்டாம்னு சொல்ல முடியல, ஏற்கனவே அன்னைக்கு மூணு வீட்டுக் காப்பி உள்ள போயிருந்துச்சு.

மத்தியானம் நோம்பி சாப்பாடு. ஆடிப்பெருக்கும் ஞாயித்துக்கிழமையும் ஒண்ணா வந்ததுல வீடு நெறைய ஒறம்பரை, சொந்தக்காரங்க. நாட்டுக்கோழிக் குழம்பு, தேங்காய் தூக்கலா, மிளகு தூக்கலா, எண்ணெய் மேல மெதக்குது. செலவு ரசம், மசாலாச் சாமான் அரைச்சுப் போட்ட ரசம், ஒரு டம்ளர் தனியா குடிக்கக் குடுத்தாங்க. கடைசியில ஒப்புட்டு, அதான் போளி, நெய் ஊத்தி. எங்க ஊர்ல ஆடிப்பெருக்குன்னா காவேரிக்கரையில சித்ரான்னம், தேங்காய் சாதம், புளிசாதம், கறிவாசனை வந்தா பாட்டி வெரட்டும். இங்க கோழி எலும்பைக் கடிக்கும்போது லேசா ஒரு குத்த உணர்ச்சி, ரெண்டு வாய்க்கு மேல அது நிக்கல. “இன்னொரு கரண்டி வைக்கறேன் சாமி”ன்னு கேக்கவே மாட்டாங்க, வச்சிட்டுத்தான் சொல்வாங்க.

வேப்பமரத்துல தூரி, அதான் ஊஞ்சல், கட்டியிருந்தாங்க. பசங்க, பொண்ணுங்க, ஒரு கல்யாணமான அக்கா சேலையைச் சொருகிக்கிட்டு நின்னுக்கிட்டே உந்தி உந்தி ஆடினாங்க, ஆடிக்காத்தும் சேர்ந்து தள்ளினதுல கிளையே வளைஞ்சுது. என்னை ஏத்தி விட்டாங்க. ஒப்புட்டு வயித்தோட தூரி ஏறக் கூடாதுன்னு யாராச்சும் சொல்லியிருக்கலாம்.

பொழுதோட பல்லடத்துல பஸ் ஏத்தி விட்டார் ஃப்ரெண்டோட அப்பா. ஆடிப்பெருக்குக் கூட்டம், வந்த வண்டி எல்லாம் நிரம்பி வழியுது, ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னு கடைசியில திருச்சி வண்டியில இன்ஜினுக்குப் பக்கத்துல ஒரு இடம், கால்ல சூடு. கண்டக்டர் எல்லாரையும் “உள்ள போங், உள்ள போங்”னு தள்ளினார், காங்கயத்துல ஒரு பாட்டி என் மடியில தூக்குவாளியை வச்சிட்டு “பிடிச்சுக்க கண்ணு, கொழம்பு”ன்னு சொல்லிட்டு முன்னாடி போயிட்டாங்க. கரூர் வரைக்கும் பிடிச்சுக்கிட்டே வந்தேன்.

கரூர்கிட்ட வரும்போது ஃப்ரெண்டு வாய்ஸ் மெசேஜ். அந்த வாலண்டியர் பையன் அப்பிச்சிக்கு ஃபோன் பண்ணியிருக்கான். நடத்துறவங்ககிட்ட சொல்லியிருக்கானாம், சனி ஞாயிறு ரெண்டு நாளும் வந்து நூல் ஒட்டுறது எப்படின்னு வர்றவங்களுக்கு செஞ்சு காட்ட முடியுமான்னு கேட்டாங்களாம், பாஸ் தர்றோம், சர்டிஃபிகேட்டும் தர்றோம்னு. அப்பிச்சி ஒண்ணும் யோசிக்கலையாம். போக வர பஸ் சார்ஜ், ரெண்டு டீ, ஒரு முழு ஷிஃப்ட் கூலி, உட்கார ஒரு ஸ்டூல், சர்டிஃபிகேட் நீங்களே வச்சுக்கங்கன்னு சொல்லிட்டாராம். கேட்டுட்டுச் சொல்றோம்னு வச்சிருக்காங்க. இன்னும் ஃபோன் வரலை.